துருவில் பிறந்த பச்சைக் கல்

தலைப்பைப் பார்த்துவிட்டு, "இவன் பி.காம். படிக்கிறவன் ஆச்சே, கல்லைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்பு வரை எனக்குத் தெரிந்த கல்லெல்லாம் செங்கல், கருங்கல், கேன்டீன் தோசைக்கல், அவ்வளவுதான் :-) ஆனால் ஒரு கல் மூன்று மாதமாக மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. எழுதிவிட்டால் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அதான் இந்தப் பதிவு.

எப்படி மாட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த செமஸ்டரில் பண்டகச் சந்தை பற்றி ஒரு ப்ராஜெக்ட். ஆளுக்கு ஒரு பொருள். தங்கம், கச்சா எண்ணெய், ஏலக்காய் என்று நல்லதையெல்லாம் முதலில் போனவர்கள் அள்ளிக்கொண்டார்கள். வழக்கம்போல் கடைசியாகப் போன எனக்கு மிஞ்சியது நிக்கல். "நிக்கலா? அது எதுக்கு ஆகும்?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன். "எவர்சில்வர் டம்ளர்ல இருக்குடா" என்றான். அதோடு என் ஆராய்ச்சி ஆரம்பமானது.

ஆனால் உள்ளே போகப் போக நிக்கல் ஒன்றும் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று தெரிந்தது. 2022 மார்ச் 8ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் நிக்கலின் விலை ஒரு டன்னுக்கு 1,00,000 டாலரைத் தாண்டியது. சந்தையை நிறுத்தி, அன்றைக்கு நடந்த வியாபாரத்தையே ரத்து செய்தார்கள். அடுத்த வருஷம் இன்னொரு கூத்து. 2023 மார்ச்சில், நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்துக் கிடங்கு ஒன்றில் நிக்கல் இருக்கவேண்டிய மூட்டைகளில் சில, பிரித்துப் பார்த்தால் வெறும் கற்கள்! கணக்குப் புத்தகத்தில் 54 டன் நிக்கல், மூட்டைக்குள் கல். கணக்குத் தணிக்கை பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

நிக்கல் என்று நினைத்த மூட்டையில் கல் இருந்ததே, அப்படியானால் கல்லுக்குள் நிக்கல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். நிக்கல் உள்ள தாதுக்களின் பட்டியல் ஒன்று கிடைத்தது. வாயில் நுழையாத பெயர்கள். நடுவில் ஒரு பெயர்: காசிடியைட். நிக்கலும் கால்சியமும் சேர்ந்த பாஸ்பேட் தாது. நிறம் பச்சை. முதன்முதலில் கிடைத்த இடம் என்ற கட்டத்தில் சுரங்கத்தின் பெயர் இல்லை. விண்கல் விழுந்த பள்ளத்தின் பெயர் இருந்தது.

ப்ராஜெக்ட் அங்கேயே நின்றுபோனது. (அப்புறம் கடைசி இரண்டு நாளில் அடித்துப் பிடித்து முடித்தேன், அது வேறு கதை.)

*

முதலில், நிக்கல் பாஸ்பேட் ஏன் அபூர்வம்?

நிக்கலும் சரி, பாஸ்பரஸும் சரி, தனித்தனியாகப் பார்த்தால் அபூர்வம் இல்லை. கனடாவின் சட்பரியிலும், நியூ கலிடோனியாவிலும், இந்தோனேசியாவிலும் நிக்கலை டன் கணக்கில் வெட்டி எடுக்கிறார்கள். பாஸ்பரஸ் நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது, வயலுக்குப் போடும் உரத்தில் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் இரண்டும் வேறு வேறு தெருவில் குடியிருப்பவை. நிக்கல் பெரும்பாலும் பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த, மெக்னீசியமும் இரும்பும் மிகுந்த கரும்பாறைகளில் இருக்கும். அந்தப் பாறைகளில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. பாஸ்பரஸோ கால்சியத்தோடு சேர்ந்து அபடைட் என்ற தாதுவாகி வேறு வகைப் பாறைகளில் தங்கிவிடும். ஒரே ஊரில் இருந்தாலும் ஒரே கல்யாணத்தில் சந்தித்துக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள் மாதிரி.

இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. பூமி உருகிய நிலையில் இருந்தபோது இரும்பு கீழே இறங்கி நடுவில் போய்ச் சேர்ந்தது. இரும்போடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ள நிக்கலில் பெரும்பகுதியும் கூடவே இறங்கிவிட்டது. நாம் டன் ஒரு லட்சம் டாலருக்கு அடித்துக்கொள்வதெல்லாம் மேலே மிச்சம் நின்ற கொசுறுக்காகத்தான்.

நிக்கலும் பாஸ்பரஸும் ஒரே வீட்டில் இருக்கும் இடம் ஒன்று உண்டு. இரும்பு விண்கல். பூமியைப் போலவே சில சிறுகோள்களும் ஆதியில் உருகி, அவற்றின் நடுவிலும் இரும்பும் நிக்கலும் போய்த் தங்கின. பிறகு மோதல்களில் அவை உடைந்தன. அந்த நடுப்பகுதியின் சிதறல்கள்தான் இரும்பு விண்கற்களில் பல. பூமியின் நடுவை நாம் ஒருநாளும் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. செத்துப்போன ஒரு குட்டிக் கோளின் நடுவை எடுத்துப் பார்க்கலாம்.

அந்த இரும்புக்குள் ஷ்ரைபர்சைட் என்று ஒரு தாது இருக்கிறது. இரும்பு, நிக்கல், பாஸ்பரஸ் மூன்றும் சேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அங்கே பாஸ்பரஸோடு ஆக்சிஜன் இல்லை. பூமியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய எப்போதும் ஆக்சிஜனைக் கட்டிக்கொண்டு பாஸ்பேட்டாகத்தான் இருக்கும். விண்கல்லில் அது நேராக உலோகத்தோடு கைகோத்து நிற்கிறது. ஆக்சிஜன் என்றால் என்னவென்று அறியாத பாஸ்பரஸ். பல நூறு கோடி வருஷம் அப்படியே இருந்துவிட்டு, ஒருநாள் இங்கே வந்து விழுகிறது.

*

விழுந்த இடம் மேற்கு ஆஸ்திரேலியா. கிம்பர்லி பகுதியில் ஹால்ஸ் க்ரீக் என்ற சிற்றூரிலிருந்து தெற்கே சுமார் 150 கி.மீ. மண்சாலையில் போகவேண்டும். பாலைவனத்தின் ஓரம். அந்தத் தட்டையான நிலத்தில் திடீரென்று ஒரு வட்டமான மேடு. ஏறிப் பார்த்தால் உள்ளே பள்ளம். குறுக்களவு சுமார் 880 மீட்டர். விளிம்பிலிருந்து தரை சுமார் 60 மீட்டர் கீழே. முதலில் இன்னும் ஆழமாக இருந்தது, காற்று கொண்டுவந்த மணல் பாதியை மூடிவிட்டது. சுற்றிலும் புல்வெளி, பள்ளத்தின் நடுவில் மட்டும் மரங்கள் கூட்டமாக நிற்கும். மழைக்காலத்துத் தண்ணீர் அங்கே தங்குவதால்.

இதன் பெயர் வுல்ஃப் க்ரீக். (ஆமாம், 2005இல் வந்த அந்த ஆஸ்திரேலியத் திகில் படத்தின் பெயர்தான். படத்தைப் பார்த்தவர்கள் பயப்பட வேண்டாம், இங்கே கல் மட்டும்தான்.) 1947இல் எண்ணெய் வளம் தேடி விமானத்தில் பறந்த ஃப்ராங்க் ரீவ்ஸ் என்ற நிலவியலாளரும் உடன் இருந்தவர்களும் மேலிருந்து இதைப் பார்த்தார்கள். அதனால் "1947இல் கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுதுவது வழக்கம். ஆனால் அந்த நிலத்தின் பூர்வகுடிகளான ஜாரு மக்கள் அதற்குக் காலங்காலமாக வைத்திருக்கும் பெயர் கண்டிமலால். வானவில் பாம்பு ஒன்று தரைக்குள்ளிருந்து வெளியே வந்த இடம் அது என்பது அவர்கள் சொல்லும் கதை. மாலை நட்சத்திரம் சூடேறிக் கீழே விழுந்த இடம் என்றும் ஒரு கதை பதிவாகியிருக்கிறது. ஆகவே 'கண்டுபிடித்தார்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

பள்ளத்தின் வயது சுமார் மூன்று லட்சம் வருஷம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு அதைச் சுமார் 1,20,000 வருஷம் என்று குறைத்தது. விழுந்த இரும்புக் கட்டி ஏறக்குறைய 15 மீட்டர் அகலமும் 14,000 டன் எடையும் இருந்திருக்கலாம் என்பதும் அந்த ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஒரு மூன்று மாடி வீட்டை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதற்கு 880 மீட்டர் பள்ளம்! அளவு செய்யாததை வேகம் செய்திருக்கிறது. வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதியதில் பெரும்பகுதி ஆவியாகவும் தூளாகவும் போய்விட்டது. மிஞ்சிய துண்டுகள் சுற்றிலும் சிதறின.

பள்ளத்தின் விளிம்பில், லேட்டரைட் எனப்படும் செம்புரைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, துருப்பிடித்த உருண்டைகள் கிடக்கின்றன. சிலது 250 கிலோ வரை எடை. ஒருகாலத்தில் இரும்பு விண்கல்லாக இருந்தவை, இப்போது ஏறக்குறைய முழுக்கத் துரு. யாரும் ஆசைப்பட்டு எடுத்து மேசையில் வைக்கிற மாதிரி அழகு கிடையாது. பளபளப்பான விண்கல்லை அறுத்து மெருகேற்றி விற்கிற உலகத்தில் இவை கழிசல்.

அந்தக் கழிசலைத்தான் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மூன்று பேர் உடைத்துப் பார்த்தார்கள். ஜான் வைட், எட்வர்ட் ஹெண்டர்சன், ப்ரையன் மேசன். துருவின் வெடிப்புகளுக்குள் மெல்லிய படலமாகவும் குட்டிக் குட்டி உருண்டைகளாகவும் பச்சை நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சோதித்தால், அதுவரை யாரும் பதிவு செய்யாத புதுத் தாது. 1967இல் அதற்குக் காசிடியைட் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். அதே துருவிலிருந்து மஞ்சள் நிறத்தில் இன்னொரு புதுத் தாதுவும் கிடைத்தது. விமானத்திலிருந்து பள்ளத்தைப் பார்த்த ரீவ்ஸின் நினைவாக அதற்கு ரீவ்சைட் என்று பெயர்.

*

இப்போது என் துறைக்கு வருகிறேன். கணக்கு.

காசிடியைட்டில் என்னென்ன இருக்கிறது? கால்சியம், நிக்கல், நிக்கலின் இடத்தில் கொஞ்சம் மெக்னீசியம், பாஸ்பேட், தண்ணீர். இதை ஒரு கூட்டாண்மை நிறுவனமாக வைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்று பார்ப்போம்.

நிக்கல் விண்கல்லின் பங்கு. பாஸ்பரஸும் விண்கல்லின் பங்கு, ஷ்ரைபர்சைட் கரைந்து வந்தது. கால்சியம் இரும்பு விண்கல்லில் ஏறக்குறைய கிடையாது, அது சுற்றியிருந்த மண்ணிலிருந்து வந்திருக்க வேண்டும். மெக்னீசியமும் அப்படியே. தண்ணீர் மழை. பாஸ்பேட்டுக்குள் இருக்கும் ஆக்சிஜன் இந்த பூமியின் காற்றும் நீரும் கொடுத்தது. மெக்னீசியம் கலக்காத சுத்தமான காசிடியைட் என்று எடுத்துக்கொண்டு அணு எடையை வைத்துப் போட்டுப் பார்த்தேன். (பதினோராம் வகுப்பு வேதியியலைத் தூரத்திலிருந்து பார்த்தவனுக்கு இது ஒரு சாதனை, கைதட்டலாம்.) நிக்கல் 16 சதவீதம், பாஸ்பரஸ் 17 சதவீதம். இரண்டும் சேர்ந்து 33. மீதி 67 சதவீதம் கால்சியமும் ஆக்சிஜனும் தண்ணீரும்.

அதாவது மூன்றில் ஒரு பங்கு வானம், மூன்றில் இரண்டு பங்கு பூமி!

இரண்டு கூட்டாளிகளும் சேர வேண்டுமென்றால் நடுவில் ஒன்று நடந்தாக வேண்டும். இரும்பு துருப்பிடிக்க வேண்டும். மழைத்தண்ணீரும் காற்றும் உள்ளே போய், இரும்பு துருவாகி, துரு உப்பி, கட்டி வெடித்து, அந்த வெடிப்பு வழியே இன்னும் தண்ணீர் இறங்கி, நிக்கலும் பாஸ்பரஸும் கரைந்து, மண்ணிலிருந்து வந்த கால்சியத்தைச் சந்தித்து, வெடிப்பின் சுவரில் பச்சையாகப் படிய வேண்டும். விண்கல் கெடாமல் பளபளவென்று இருந்திருந்தால் இந்தத் தாது பிறந்தே இருக்காது.

இந்த இடத்தில்தான் எனக்குத் தாத்தாவின் நினைவு வந்தது.

எங்கள் தாத்தா 38 வருஷம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி எடுத்துப் போவோமே, அந்தக் கடை. எல்லார் வீட்டிலும் வண்டி வந்தபிறகு கடை ஓடவில்லை. ஆனாலும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் முதல் வருஷம் படிக்கும்போது, தேய்மானம் பாடம் நடந்த புதிது. நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று கையில் கிடைத்ததுக்கெல்லாம் தேய்மானம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தாத்தாவின் 11 சைக்கிளுக்கும் போட்டேன். போட்டதோடு விட்டேனா? அவர் எதிரிலேயே படித்துக் காட்டினேன். "தாத்தா, கணக்குப்படி இதெல்லாம் எப்பவோ பூஜ்யம். இனிமே பழைய இரும்பு விலைதான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அப்படியா கண்ணு" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதத்தில் கடையை எடுத்துவிட முடிவானது. பழைய இரும்புக்காரர் வந்தார். ஒவ்வொரு சைக்கிளையும் தரையில் இரண்டு தட்டு தட்டினார். பொலபொலவென்று துரு உதிர்ந்தது. எடை போட்டு, "துருவுக்குக் கழிச்சிருக்கேன் பெரியவரே" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். அவர்மேல் குற்றம் இல்லை, தொழில் அப்படி. நான்தான் பக்கத்தில் நின்று எடையைக் கூட்டிக் கொடுத்தேன். கூட்டல் சரியாக இருந்தது. அன்று ராத்திரி தாத்தா சாப்பிடவில்லை.

வுல்ஃப் க்ரீக் துருவைப் பற்றிப் படித்தபோது, என் தேய்மானக் கணக்கில் ஏதோ ஒரு பக்கம் விட்டுப்போயிற்று என்று உறைத்தது. இரட்டைப் பதிவு முறையில் முதல் பாடமே, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பதுதான். தேய்மானம் என்று எழுதும்போது நாம் நஷ்டத்தை எழுதிவிட்டுப் பேரேட்டை மூடிவிடுகிறோம். அது நம் வசதிக்காக. இயற்கையின் பேரேட்டில் ஒரு அணு கூடத் தள்ளுபடி ஆவதில்லை. இரும்புக் கணக்கில் கழிந்தது எல்லாம் வேறு ஏதோ கணக்கில் வரவாக ஏறிக்கொண்டே இருக்கிறது. சில இடத்தில் பச்சை நிறத்தில்.

*

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். இல்லையென்றால் "ரொம்ப ஃபீல் பண்ணாதடா" என்று நண்பர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

பிரேசிலின் சான்டா கேட்டரினா பகுதியில் 1875இல் பெரிய இரும்பு விண்கல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. துண்டுகளைச் சேர்த்தால் சுமார் 7 டன். சாதாரண இரும்பு விண்கல்லில் நிக்கல் பெரும்பாலும் 5லிருந்து 10 சதவீதம் வரை இருக்கும். வுல்ஃப் க்ரீக் கல்லில் சுமார் 9. ஆனால் இந்த பிரேசில் கல்லில் சுமார் 35 சதவீதம்! என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நம் ஆட்கள்தானே, வணிகர்கள் :-) நிக்கல் தாது என்று சொல்லிப் பெரும்பகுதியைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பி உருக்கிவிட்டார்கள். ஒரு கோளின் நடுவிலிருந்து வந்தது எந்தத் தட்டிலோ கரண்டியிலோ போய்ச் சேர்ந்தது.

தப்பிப் பிழைத்து அருங்காட்சியகங்களுக்குப் போன துண்டுகளும் துருப்பிடித்தன. 1990இல் டென்மார்க்கின் வாக்ன் புக்வால்ட் அந்தத் துருவுக்குள் இன்னொரு நிக்கல் பாஸ்பேட் இருப்பதை எழுதினார். நீல நிறம். பெயர் அருபைட். இதில் கால்சியம் கிடையாது, நிக்கலும் பாஸ்பேட்டும் தண்ணீரும் மட்டும். எடையில் நிக்கல் 34 சதவீதத்துக்கு மேல். யார் பெயரை வைத்தார்கள் தெரியுமா? ஹான்ஸ் ஹென்ரிக் அருப் என்ற டென்மார்க் பொறியாளர். அவருடைய துறை, உலோகம் எப்படி அரிக்கிறது என்பது. வாழ்நாளெல்லாம் துருவோடு மல்லுக்கட்டிய மனிதருக்குத் துருவில் பிறந்த கல்லால் மரியாதை. பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

விலை பார்த்து உருக்கினவர்களுக்கு 35 சதவீத நிக்கல் கிடைத்தது. உருக்காமல் விட்ட மிச்சத்தில் உலகத்துக்கு ஒரு புதுத் தாது கிடைத்தது. எது லாபம் என்று கேட்டால் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நாங்கள் படிக்கும் புத்தகத்தில் முதல் பதிலுக்கு மட்டும்தான் பத்தி இருக்கிறது.

*

துருவின் கதை கல்லோடு நின்றால் கூட நான் சும்மா இருந்திருப்பேன். அது உயிர் வரைக்கும் போகிறது.

உயிருக்குப் பாஸ்பரஸ் கட்டாயம் வேண்டும். நம் மரபணுவின் முதுகெலும்பே பாஸ்பேட்தான். ஆனால் பூமியில் பாஸ்பேட் பெரும்பாலும் அபடைட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது, தண்ணீரில் லேசில் கரையாது. உயிரே இல்லாத காலத்தில் யார் அந்தப் பூட்டைத் திறந்தார்கள்? இது விஞ்ஞானிகளுக்குப் பெரிய தலைவலி. 2005இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ பாசெக், டான்டே லாரெட்டா இருவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஷ்ரைபர்சைட் வகைச் சேர்மத்தைத் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். அவ்வளவுதான். அது மெல்ல அரித்து, சாதாரண பாஸ்பேட்டை விடச் சுலபமாகக் கரையும், சுலபமாக வினைபுரியும் பாஸ்பரஸ் சேர்மங்களைத் தண்ணீரில் விட்டது. ஆதி பூமியில் விண்கற்கள் மழையாகக் கொட்டிய காலத்தில் இது பரவலாக நடந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

2013இல் பாசெக்கும் உடன் ஆய்வு செய்தவர்களும், சுமார் 350 கோடி வருஷத்துக்கு முந்தைய பாறைகளில் அப்படிப்பட்ட பாஸ்பரஸின் தடயம் இருப்பதாக எழுதினார்கள். அந்தப் பாறைகள் எந்த ஊர்? அதே மேற்கு ஆஸ்திரேலியா, பில்பரா பகுதி. எதிர்வாதமும் உண்டு. மின்னல் தரையில் இறங்கும்போதும் ஷ்ரைபர்சைட் உண்டாகிறது, ஆகவே மின்னலும் பெரிய பங்கு கொடுத்திருக்கலாம் என்று 2021இல் வேறு ஆய்வாளர்கள் சொன்னார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இரண்டு கட்சியும் ஒத்துக்கொள்வது ஒன்று: அந்தத் தாது கெடாமல் இருந்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. தண்ணீரில் அரிக்கத் தொடங்கினால்தான் அதிலிருந்து ஏதாவது வெளியே வரும்.

அப்படிப் பார்த்தால் வுல்ஃப் க்ரீக் வெடிப்புகளில் நடந்ததும் அதே வேலைதான், தாமதமாக. இங்கே அந்தப் பாஸ்பரஸ் உயிருக்குள் போகவில்லை, கால்சியம் பிடித்துக் கல்லாக்கிவிட்டது.

*

முடிக்கும் முன் காசிடி யார் என்று சொல்லாமல் போனால் பாவம். வில்லியம் காசிடி (1928 - 2020). அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், விண்கல் பள்ளங்களை ஆராய்ந்தவர். 1967இல் தாதுவுக்கு அவர் பெயரை வைத்தபோது அவர் தன் பெரிய வேலையை ஆரம்பிக்கவே இல்லை.

1973இல் ஒரு மாநாட்டில், ஜப்பானியர்கள் அன்டார்க்டிகாவின் ஒரே இடத்தில் பல வகை விண்கற்களைப் பொறுக்கினார்கள் என்ற செய்தியைக் கேட்டார். ஒரே கல் உடைந்து விழுந்திருந்தால் எல்லாம் ஒரே வகையாக இருக்கும். பல வகை என்றால், பனி நகர்ந்து நகர்ந்து எங்கெங்கோ விழுந்ததை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அங்கே போய்த் தேடலாமே என்று அரசிடம் நிதி கேட்டார். முதலில் மறுத்துவிட்டார்கள். ஜப்பானியர்கள் பிறகு நூற்றுக்கணக்கில் பொறுக்கி வந்த பிறகுதான் பணம் கிடைத்தது. 1976இல் போனார். அவர் தொடங்கிய திட்டம் இதுவரை 20,000க்கும் மேற்பட்ட விண்கற்களைச் சேர்த்திருக்கிறது. நிலவிலிருந்து வந்தது என்று முதன்முதலில் உறுதியான விண்கல் 1982 ஜனவரியில் அங்கே அந்தத் திட்டத்துக்குக் கிடைத்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அன்டார்க்டிகாவின் பெருமையே, விண்கல்லை அது குளிர்சாதனப் பெட்டி மாதிரி கெடாமல் வைத்திருக்கும் என்பது. துருப்பிடிக்காத கற்களைத் தேடி வாழ்க்கையைக் கழித்தவர் காசிடி. அவர் பெயர் நிற்பதோ துருவில்.

*

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். கடை இருந்த கொட்டகை இப்போது காலி. தாத்தா அங்கேதான் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். வானத்திலிருந்து இரும்பு விழுந்தது, துருப்பிடித்தது, துருவுக்குள் பச்சைக் கல் முளைத்தது. கொஞ்சம் சுற்றி வளைத்து அந்தத் தேய்மானக் கணக்குக்கும் வந்தேன். மன்னிப்பு என்று நேராகக் கேட்க வரவில்லை. நம் வீடுகளில் அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லையே.

அவர் பாதி கேட்டார், பாதி தூங்கினார். கடைசியில், "அந்தாளு அன்னைக்குத் துருவைக் கழிச்சான் பாரு, அதை நான் கூட்டி வச்சிருந்தேன்" என்றார்.

"எதுக்கு தாத்தா?"

"எலுமிச்சைச் செடி வெளுத்துப் போய் நின்னுச்சு. அதும் தூர்ல போட்டேன். இரும்புச்சத்து செடிக்கு நல்லதுன்னு எங்க அப்பா சொல்லுவாரு."

துரு செடிக்கு உடனே சத்தாகிவிடாது, மெதுவாகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். போன தடவை கணக்கைப் படித்துக் காட்டியதே போதும்.

எழுந்து போய்ச் செடியைப் பார்த்தேன். தூரைச் சுற்றி மண் இன்னும் செம்பட்டையாகத்தான் இருக்கிறது. நாலு காய் விட்டிருக்கிறது. ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்தேன், அம்மா ஜூஸ் போட்டுக் கொடுத்தார்கள்.

என் நோட்டில் 11 சைக்கிளுக்கு எதிரே பூஜ்யம் போட்ட அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. அடிக்கவில்லை. கணக்குப்படி அது சரிதான். கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: "துரு, எலுமிச்சைக் கணக்கில் வரவு." தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.